பத்து வெள்ளி ரசீதுகள்

இந்தப் பருவத்தில் எங்கள் விரிவுரையாளர் ஓர் இடுபணி கொடுத்தார். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் எத்தனை தேர்தலில் வென்றார், எந்தெந்தப் பதவியில் இருந்தார் என்ற பட்டியல் மட்டும் போதாது. "அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததால் யாருடைய வாழ்க்கையில் என்ன மாறியது? அதை எழுதுங்கள்" என்றார்.

நான் துன் வீ.தி. சம்பந்தனைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர்மீது இருந்த ஈடுபாட்டால் அல்ல. வேலை சுலபமாக முடியும் என்று நினைத்தேன். இடைநிலைப்பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயரை மனப்பாடம் செய்திருக்கிறேன். ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவர், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் பெயரில் ஒரு சாலை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது போதும். எனக்கும் அதற்குமேல் தெரியாது.

பருவ விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். என் ஊர் கம்போங் ராஜா, கேமரன் மலையின் வடகோடி. காலையில் கதவைத் திறந்தால் பனிமூட்டம். அது விலகினால் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். அப்பா காய்கறி லாரி ஓட்டுகிறார். பாட்டிக்கு வயது 75. அவர் இளமையில் தேயிலை கிள்ளியவர். கல்யாணத்துக்குப் பிறகு காய்கறித் தோட்ட வேலைக்குப் போனவர்.

மடிக்கணினியில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெயரைத் தம்பி உரக்கப் படித்தான். அடுப்படியிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தனா? நம்ம சுங்கை சிப்புட் சம்பந்தனா?"

"ஆமாம் பாட்டி. உங்களுக்குத் தெரியுமா?"

பாட்டி பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் அவருடைய பிறப்புப் பத்திரம், தாத்தாவின் பழைய அடையாள அட்டை, ரப்பர் வளையம் போட்ட சின்னக் காகிதக் கட்டு. கட்டைப் பிரித்தேன். பத்து ரசீதுகள். ஒவ்வொன்றிலும் பத்து வெள்ளி.

"எங்கப்பா கட்டினது" என்றார் பாட்டி. "இதுக்கு ஒரு கதை இருக்கு கண்ணு. ஒக்காரு."

தோட்டம் துண்டானபோது

பாட்டி பிறந்தது இந்த மலையில் இல்லை. பேரா மாநிலத்தின் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருடைய அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே பெரட்டு, வெயில் ஏறும் முன்னே மரம் வெட்டி முடிக்க வேண்டும். லயத்து வீடு, தோட்டத்துக் குழாய்த் தண்ணீர், தோட்டத்து மருந்துக்கடை, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. எல்லாமே தோட்டத்துடையது. தன்னுடையது என்று அவரிடம் இருந்தவை சில பாத்திரங்களும், துணிமணியும், ஒரு சைக்கிளும்தான்.

பாட்டிக்குப் பதினோரு வயது இருக்கும்போது அந்தத் தோட்டம் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் அதை ஒரே தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக்கி வேறு பலருக்கு விற்றார்கள். பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வாங்கியவருக்குத் தம் குடும்பத்து ஆட்களே மரம் வெட்டப் போதும். லயத்தை யார் பராமரிப்பது, பள்ளியை யார் நடத்துவது என்ற கேள்விக்குப் பொறுப்பேற்க ஆளே இல்லை.

"ஒரு நா காலையில பெரட்டுக்குப் போன அப்பா உடனே திரும்பி வந்துட்டாரு. வேல இல்லன்னுட்டாங்க. வேல இல்லன்னா வீடும் இல்ல. வீடு போனா பள்ளிக்கூடமும் போச்சு. நான் மூணாம் வகுப்போட நின்னவ" என்றார் பாட்டி.

இதை என் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த துன்பமாகவே அன்றுவரை நினைத்திருந்தேன். நூலகத்தில் தேடியபோதுதான் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: தோட்டத் துண்டாடல். 1950களில், சுதந்திரம் நெருங்கிய காலத்திலும் அதற்குப் பிறகும், ஆங்கிலேயர்களுக்குச் சொந்தமான பல தோட்டங்கள் கைமாறின. நாட்டின் எதிர்காலம் எப்படியிருக்குமோ என்ற அச்சம் விற்றவர்களுக்கு. மொத்தமாக வாங்கித் துண்டாக்கி விற்றால் கிடைக்கும் லாபம் வாங்கியவர்களுக்கு. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆய்வு செய்து அறிக்கை எழுதும் அளவுக்கு அது நாட்டுப் பிரச்சினையாகியிருந்தது.

அந்த நேரத்தில் தொழிலாளர் சார்பில் அமைச்சரவையில் இருந்தவர்தான் சம்பந்தன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து நாடாளுமன்றம் வரை

இப்போதெல்லாம் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு மலைச்சாலை இருக்கிறது. அதில் இறங்கி ஈப்போவைத் தாண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போனால் சுங்கை சிப்புட். ஒரு நாள் அப்பாவின் லாரியில் ஈப்போ வரை போய், அங்கிருந்து பேருந்து பிடித்தேன். அவர் வாழ்ந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று தோன்றியது.

சம்பந்தன் 1919 ஜூன் 16இல் அங்கே பிறந்தார். தந்தை வீராசாமி 1896இல் தமிழகத்திலிருந்து மலாயா வந்து, பின்னாளில் சொந்தமாக ரப்பர் நிலம் வாங்கியவர். ஆக, சம்பந்தன் ஏழைத் தொழிலாளியின் மகன் இல்லை, தோட்டக்காரரின் மகன். கோலகங்சார் கிளிபர்ட் பள்ளியில் ஆங்கிலக் கல்வி, பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இந்திய விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்து மாணவர். அங்கேயே காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டார்.

ஒரு தேதி என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. 1948 ஜூன் 16, சம்பந்தனின் 29ஆம் பிறந்த நாள். அன்றுதான் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது அந்தச் சம்பவத்தால்தான். பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளி இரு பக்கமும் பயந்து வாழ்ந்தார். இளம் சம்பந்தன் அரசியலுக்கு வந்தது இந்தச் சூழலில்தான்.

1954இல் சொந்த ஊரில் மகாத்மா காந்தி கலாசாலையை நிறுவினார். அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட். இன்றும் அங்கே தமிழ்ப்பள்ளி நடக்கிறது. நான் போனபோது பள்ளி விடும் நேரம். புத்தகப் பையைச் சுமந்து ஓடிவந்த பிள்ளைகளைப் பார்த்தபோது, மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டியின் நினைவு வந்தது.

1955இல் அவர் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு ஜூலையில் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது. அதில் கிந்தா உத்தாரா தொகுதியிலிருந்து வென்றவர் சம்பந்தன். தொழிலாளர் அமைச்சரானார். பிறகு சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல் தொலைத்தொடர்பு, தேசிய ஒற்றுமை எனப் பல அமைச்சுகள். 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்.

பாடநூல் இத்தோடு முடிந்துவிடும். பாட்டியின் பிஸ்கட் டின்னில் இருந்தது மீதிக் கதை.

நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு

துண்டாடலைத் தடுக்கச் சட்டம் போதுமானதாக இல்லை. நிலம் விற்பவர் விற்கலாம், வாங்குபவர் வாங்கலாம். அப்படியானால் தொழிலாளிகளே ஏன் வாங்கக்கூடாது? இந்தக் கேள்வியிலிருந்து 1960இல் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

இது எப்படி வேலை செய்யும் என்பதைப் பொருளாதாரம் படிக்கும் என் தோழி எனக்கு எளிமையாக விளக்கினாள். ஒரு தொழிலாளியின் நூறு வெள்ளியால் எதுவும் ஆகாது. பல்லாயிரம் பேரின் நூறு வெள்ளி சேர்ந்தால், விற்பனைக்கு வரும் ஒரு முழுத் தோட்டத்துக்கு முன்பணம் தேறும். மீதியைக் கடனாக வாங்கலாம். தோட்டம் துண்டாகாமல் இருப்பதால் மரங்களிலிருந்து வருமானம் நிற்காது. அந்த வருமானத்திலிருந்து கடனை அடைக்கலாம். தொழிலாளி அதே லயத்தில் இருப்பார், பிள்ளை அதே பள்ளிக்குப் போகும்.

கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் "தொரை" என்று கைகட்டி நின்ற மனிதரிடம் போய், "நீங்களே தோட்டத்துக்கு முதலாளி ஆகலாம்" என்று சொல்ல வேண்டும். அதை நம்ப வைக்கத்தான் அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம். அதன் பிறகு மற்றவை.

"உங்க அப்பா அப்பவே சேர்ந்துட்டாரா பாட்டி?" என்று கேட்டேன்.

பாட்டி தலையை ஆட்டினார். "இல்ல. ஆளுங்க வந்து வெளக்கம் சொன்னாங்க. பத்து வெள்ளி அப்போ சின்னக் காசா? அஞ்சு புள்ளைங்க வீட்டுல. அதுக்கும் மேல அப்பாவுக்கு நம்பிக்க வரல. தோட்டத்த நாம வாங்குறதான்னு சிரிச்சாரு. நெறைய பேரு சிரிச்சாங்க. அப்புறம் தோட்டம் வித்துப் போச்சு."

வேலை போன பிறகு, தெரிந்த ஒரு கங்காணி மூலமாகத் தாப்பா சாலை வழியே குடும்பம் கேமரன் மலைக்கு ஏறியது. ரப்பர் தெரிந்த கைகள் தேயிலை கற்றுக்கொண்டன. கொஞ்சம் மூச்சுவிட முடிந்ததும் கொள்ளுத்தாத்தா ஒரு காரியம் செய்தார். வட்டாரத்தில் சங்கத்துக்குப் பணம் சேர்த்தவரைத் தேடிப் போய், மாதம் பத்து வெள்ளி கட்ட ஆரம்பித்தார். பத்து மாதம், பத்து ரசீது.

"நம்ம தோட்டந்தான் போயிடுச்சே, இப்ப எதுக்குன்னு எங்கம்மா சண்ட போட்டாங்க. அதுக்கு அப்பா, 'நம்ம தோட்டம் போச்சு. இன்னொருத்தன் தோட்டமாச்சும் நிக்கட்டும்'னு சொன்னாரு."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதி வைத்திருந்த இரண்டு பக்கங்களையும் அழித்துவிட்டேன்.

முடியாமல் போனவை

ஒருவரைப் பற்றி எழுதும்போது பாராட்டிவிட்டு நகர்ந்தால் அது வாழ்த்து மடல் ஆகிவிடும். சம்பந்தனின் காலத்தில் முடியாமல் போனவற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் குடும்பமே அதற்குச் சாட்சி. காப்பாற்றிய தோட்டங்களிலும் நிலம் சங்கத்தின் சொத்தாக இருந்தது. லயத்து வீடு தனித்தனித் தொழிலாளியின் பெயருக்கு வந்துவிடவில்லை.

இரண்டாவது, குடியுரிமை. நாடு சுதந்திரம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும், குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் ஏராளமாக இருந்தார்கள். 1969க்குப் பிறகு அப்படிப்பட்டவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். விவரம் தெரியாமல் விண்ணப்பிக்காதவர்கள், பத்திரம் இல்லாதவர்கள், பத்திரம் இருந்தும் வழிகாட்ட ஆள் இல்லாதவர்கள் எனப் பலர். பாட்டி தன் பிறப்புப் பத்திரத்தை ஏன் அந்த டின்னில் ரசீதுகளோடு பூட்டி வைத்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. இந்தக் கேள்விக்கு அன்றைய ம.இ.கா. தலைமையும் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

மூன்றாவது, கட்சிப் பூசல். 18 ஆண்டுகள் தலைவராக இருந்தவர், உள்ளிருந்தே எழுந்த நெருக்குதலால் 1973 ஜூனில் விலகினார். அவருக்குப் பின் மாணிக்கவாசகம் தலைவரானார். அடுத்த ஆண்டோடு சம்பந்தனின் நாடாளுமன்ற வாழ்க்கையும் முடிந்தது. 1979 மே 18இல், 59 வயதில், அவர் காலமானார். அதன் பிறகு அவருடைய மனைவி தோ புவான் உமாசுந்தரி சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தினார்.

இதே கால கட்டத்தில் கடலுக்கு அப்பால் இலங்கையின் தேயிலை மலையிலும் ஒருவர் இருந்தார்: சௌமியமூர்த்தி தொண்டமான். அவரும் தோட்டக்காரரின் மகன். அவரும் தொழிலாளரின் குரலாக நின்றவர். 1947இல் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. வாக்காளர்களின் வாக்கே பறிக்கப்பட்டால் உறுப்பினர் என்ன செய்ய முடியும்? 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு போட்டது. தொண்டமான் தொழிற்சங்க பலத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்து, 1978இல் அமைச்சராகி, குடியுரிமையைப் படிப்படியாகப் பேசிப் பெற்றார்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. தோட்டத் தொழிலாளிக்கு இரண்டு காகிதங்கள் தேவைப்பட்டன. ஒன்று, "இவர் இந்த நாட்டுக்காரர்" என்று சொல்லும் காகிதம். மற்றொன்று, "இந்த இடத்தில் இவருக்கும் பங்கு உண்டு" என்று சொல்லும் காகிதம். தொண்டமான் முதலாவதற்காகப் போராடியே ஆயுளைக் கழித்தார். சம்பந்தன் இரண்டாவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார், முதலாவதில் பின்தங்கினார்.

எங்கள் மலையில் இன்று

இது பழங்கதை என்று நினைக்கிறீர்களா? கம்போங் ராஜாவுக்கு வந்து பாருங்கள். கேமரன் மலையில் பல காய்கறித் தோட்டங்கள் நெடுங்காலமாகத் தற்காலிக நில உரிமத்தில் நடந்து வந்தவை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உரிமம். எங்கள் வீடும் வாடகை வீடுதான். "நிலம் யாருடையது?" என்ற கேள்வி இங்கே சாப்பாட்டு மேசையில் அடிக்கடி வரும் கேள்வி. எங்கள் தொகுதி 2019 இடைத்தேர்தலில் ஓராங் அஸ்லி சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை முதன்முதலாக மக்களவைக்கு அனுப்பியது. இந்த மலைக்கு எங்களுக்கெல்லாம் மூத்த அந்த மக்களும் கேட்பது அதே நிலக் கேள்விதான்.

அடுத்த பொதுத்தேர்தலில் எனக்கு முதல் வாக்கு. 18 வயது வாக்குரிமை வந்துவிட்டதால், இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அப்படித்தான். தானியங்கிப் பதிவு முறையில் நம் பெயர் பட்டியலில் தானாகவே ஏறிவிட்டது. விண்ணப்பம் போடக்கூட அலைய வேண்டியதில்லை. கொள்ளுத்தாத்தா காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு சுலபம்!

வேட்பாளர்கள் வருவார்கள். அரிசிப் பை கொடுப்பார்கள், கோயிலுக்கு மானியம் அறிவிப்பார்கள், நம்மோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடம் நான் கேட்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "நீங்கள் பதவியை விட்டுப் போன பிறகும் எங்களிடம் எது தங்கும்?" சம்பந்தன் பதவி விலகி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தொடங்கிய சங்கம் இன்றும் இருக்கிறது. அவர் நிறுவிய பள்ளியில் இன்றும் மணி அடிக்கிறது. வேறு எதைப் பற்றி விவாதித்தாலும் இந்த இரண்டையும் யாரும் மறுக்க முடியாது.

ஒரு கேள்வி நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல திட்டம் ஒன்று வாசலுக்கு வந்தபோது சிரித்தவர்களில் என் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். தலைவர் வந்து சொன்னால் மட்டும் போதாது. கேட்கிறவர் விவரம் புரிந்து முடிவெடுக்கவும் வேண்டும். அதற்குத்தானே நம்மைப் படிக்க வைத்திருக்கிறார்கள்?

இடுபணியை முடித்து அனுப்பிவிட்டேன். மதிப்பெண் இன்னும் வரவில்லை. ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில், அந்த ரசீதுகளைப் படம் எடுத்துக்கொண்டு பாட்டியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பத்தும் இருந்தன. ரப்பர் வளையத்தைப் போட்டுப் பிறப்புப் பத்திரத்துக்குக் கீழே வைத்து டின்னை மூடினார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் கேட்டுத் திறந்து பாருங்கள்.